ஊமை மேசை

பேசாமல் இருக்கிறவளுக்கு வாய்தான் வலிக்கும் என்று நாம் நினைப்போம். பிரமசக்திக்குக் கழுத்து வலித்தது. மேலே ஏறி வருகிற ஒவ்வொரு சொல்லையும் தொண்டையில் மறித்து உள்ளே தள்ளித் தள்ளி, சாயங்காலம் ஆனால் பின்கழுத்து கட்டையாக இறுகிப் போகும். இறால் கம்பெனியில் மற்றப் பெண்களுக்கு வலி விரலிலும் இடுப்பிலும். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நாள் முழுக்க நின்றபடி இறால் உரித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த வலியைத் திட்டித் தீர்க்க அவர்களுக்கு வாய் இருந்தது. இவளுக்கோ வாயை மூடி வைப்பதுதான் வலி.

அவள் ஊமை இல்லை. ஊமை மேசையில் நின்றாள், அவ்வளவுதான்.

கூடத்தின் கடைசி மேசைக்கு அந்தப் பெயர். அரசாங்க விதிப்படி வாய் பேசாதவர்கள் சிலரைக் கம்பெனி வேலைக்கு எடுத்தாக வேண்டும். எடுத்துப் பார்த்ததில் கம்பெனிக்குப் பிடித்துப் போயிற்று. அந்த மேசையில் பேச்சு இல்லை, அதனால் வேலை நிற்பதும் இல்லை. மற்ற எவரும் கம்பெனி வாசலில் நுழையுமுன் அங்கிருக்கும் இயந்திரத்திடம் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, நாலு வரி பேசிக் காட்ட வேண்டும். வாய் பேசாதவர்களுக்கு மட்டும் அது கிடையாது. அந்த ஒரு சந்தில்தான் பிரமசக்தி ஏழு வருஷத்துக்கு முன்னால் உள்ளே நுழைந்தாள்.

அவள் பக்கத்தில் நிற்பவள் மரியசெல்வம். பிறந்ததிலிருந்து காது கேளாதவள், நிஜமாகவே வாய் பேசாதவள். பிரமசக்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறால் உரித்துக்கொண்டிருக்கும்போதே மரியசெல்வம் திடீரென்று ஈரக்கையை நீட்டி அவள் தொண்டைக்குழியில் வைத்தாள். தன்னை அறியாமல் பிரமசக்தி உள்ளுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்திருக்கிறாள். மரியசெல்வம் விரலில் அந்த அதிர்வு பட்டது. பிரமசக்திக்கு உயிரே போய்விட்டது. மரியசெல்வமோ கையை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு விரலை ஆட்டிக் காட்டினாள். 'பத்திரம்' என்று அர்த்தம். அதன் பிறகு அவள்தான் கைப்பேச்சு முழுவதையும் சொல்லிக் கொடுத்தாள். காட்டிக் கொடுக்கவில்லை.

கூடத்திலும் பஸ்ஸிலும் கம்பெனிக் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. 'பாதுகாப்புச் செவி' என்று அதற்கு அச்சடித்த பெயர். அமோனியா கசிந்தால், யாராவது அலறினால், கம்பெனிக்கு உடனே தெரிய வேண்டுமாம். பெண்கள் அதற்கு 'மாமியா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மெதுவாப் பேசுங்கட்டி, மாமியா முழிச்சிருக்கா" என்பாள் பக்கத்து வீட்டு லூர்து.

"ஒன் மாமியாளுக்குத்தான் ஒரு காது மந்தமாச்சே?"

"அவளுக்கு ஒரு காது. இவளுக்கு ஒடம்பெல்லாம் காது."

சிரிப்பார்கள். பிரமசக்தி சத்தமில்லாமல் சிரிக்கப் பழகியிருந்தாள். தும்மலைக்கூடத் துண்டுக்குள் தும்மினாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு படுப்பாள். விடியும்போது துணி நனைந்து கிடக்கும்.

அவளுக்கு ஒரே மகள், சுடர்க்கனி. புருஷன் கொச்சிக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அம்மா வாயை மூடியபோது சுடருக்கு நாலு வயது. சின்னப் பிள்ளையிடம் ரகசியத்தைக் கொடுத்து வைக்க முடியுமா? "எங்கம்மா வீட்ல பேசுவாளே" என்று ஒரு வார்த்தை வாசலில் சொன்னால் போதும். அதனால் தொண்டை கெட்டுவிட்டது என்று பிள்ளையிடமும் சைகையிலேயே சொன்னாள். பிள்ளை கொஞ்ச நாள் அழுதது. பிறகு கைப்பேச்சைத் தாயைவிட வேகமாகக் கற்றுக்கொண்டது. பிறகு அம்மாவின் குரல் அதற்கு மறந்தும் போயிற்று.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுடர் கேட்டாள்: "யம்மா, சொப்பனத்துல ஒனக்குப் பேச்சு வருமா?"

பிரமசக்தி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எப்படியிருக்கும் ஒன் கொரலு?"

பதில் சொல்லத் தூக்கிய கை அப்படியே நின்றது. குரல் எப்படி இருக்கும் என்பதைக் கையால் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி போ" என்று சுடர் விளையாடப் போய்விட்டாள்.

தேர்தல் வந்தது. கரையோரம் முழுக்கக் கொடி முளைத்தது. பிரமசக்தி பால் வாங்கக் கடைக்குப் போவது உப்பளத்தை ஒட்டிய பாதையில். அங்கே ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஒருவன் காத்திருந்தான். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தலைவர் படம்.

"யக்கா, என்னயத் தெரியுதா? தவசிமுத்து. பழைய கம்பெனியில பஸ்ஸு ஓட்டுனேன்லா?"

அவள் வாயைக் காட்டிக் கையை விரித்தாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா இந்த நடிப்பு? என் பஸ்ஸுப் படியில ஏறி நின்னுதான அன்னைக்கு நீங்க சத்தம் போட்டிய? இங்கன மாமியா கெடையாது. உப்பும் காத்துந்தான்."

அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நடக்காமல் நின்றாள்.

அந்த நாளை நான் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனியில் அமோனியா கசிந்தது. கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு முடியட்டும் என்று மேற்பார்வையாளர் கூடத்தின் கதவைத் திறக்கவில்லை. கொல்லை வழியாக வெளியே வந்த பிரமசக்தி, பஸ் படியில் ஏறி நின்று, "வாங்கட்டி வெளிய!" என்று கத்தினாள். இரண்டே வார்த்தை. உள்ளே இருந்த பெண்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். யாரோ அதைப் போனில் எடுத்தார்கள். அந்தக் குரல் கரை முழுக்கப் போயிற்று. அடுத்தடுத்துப் பல கம்பெனிகளில் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். அன்றைக்கு ஓர் உயிரும் போகவில்லை. போகாததனாலேயே, அவள் செய்தது உயிர்காத்தது என்று யாரும் சொல்லவில்லை, சரக்கு வீணானதைத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்று பெயர் சொன்னாலும், இயந்திரம் அன்பாகச் சொல்லும்: "இப்போது இடம் இல்லை. வந்ததற்கு நன்றி." பக்கத்தில் நிற்பவளுக்கு இடம் இருக்கும். தங்கச்சியின் பெயரில் போனாள், நாத்தனாரின் அட்டையோடு போனாள். இடம் இல்லை, நன்றி.

"பேர மாத்தலாம், ஊர மாத்தலாம். தொண்டைய மாத்த முடியுமாக்கா?" என்றான் தவசிமுத்து. "மொதலாளிமாரு எல்லாரும் சேந்து வெளியூர்க்காரன் ஒருத்தன்கிட்ட நம்ம கொரலையெல்லாம் கொடுத்து வச்சிருக்காவ. எவ சத்தம் போட்டாளோ அவ தொண்டை அதுல இருக்கும். கேட்டுப் பாருங்க, அப்படி ஒரு பட்டியலே கெடையாதும்பாவ. கோர்ட்டுல என்னத்தக் கொண்டு போயி காட்டுவிய? ஒங்கள வேண்டாம்னு எவஞ் சொன்னான்? எடம் இல்லன்னுதான சொன்னான்!"

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கும் அதே கதிதான். பஸ்ஸ நிறுத்தி ஒங்களப் படியில ஏத்துனவன் நானில்லா? எந்தக் கதவும் தொறக்கல. கட்சி ஆபீசுல டீ வாங்கிக் கொடுத்துக் கெடந்தேன். போன தேர்தல் முடிஞ்சதும் தலைவர் கூப்பிட்டு, 'ஒன் பேர எடுத்தாச்சுல'ன்னாரு. எனக்கு நம்பிக்கையில்ல. சும்மா ஒரு கம்பெனி வாசல்ல போயிப் பேசிப் பாத்தேன். தொறந்துட்டுக்கா! அங்கனயே நின்னு அழுதேன். உள்ள போகக்கூட இல்ல. திரும்பி வந்து தலைவர் கால்ல விழுந்தேன்."

உப்புக் குவியல்கள் மீது காற்று போய்க்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம கூட்டம். நீங்க மேடையில ஏறி அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சொல்லணும். அதே கொரல்ல. அதக் கேட்டா இந்தக் கரையில ஒரு பொம்பள வீட்ல இருக்கமாட்டா, அம்புட்டு ஓட்டும் நமக்குத்தான். மறுநாளே ஒங்க பேர எடுத்துருவாவ. நீங்களும் ஒங்க மகளும் வாய் நெறயாப் பேசிக்கிடலாம்."

பிரமசக்தி குனிந்து, பாத்தி வரப்பின் ஈரமண்ணில் விரலால் எழுதினாள்: 'எல்லார் பேரும்?'

அவன் படித்தான். பொய் சொல்ல நினைத்து, முடியாமல் போனவனைப் போலக் கடல் பக்கம் பார்த்தான்.

"எல்லார் பேரையும் எடுத்துட்டா அடுத்த தேர்தலுக்கு எதக்கா கொடுக்க?"

அவள் கால் விரலால் எழுத்தை அழித்துவிட்டுப் பால் வாங்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வேறொன்று நடந்தது. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே லூர்து ஓடி வந்தாள்.

"ஏட்டி பிரமசக்தி, மருமவன் தேடுட்டி! ஒம் மக பெரியவளாயிட்டா!"

குடியிருப்பில் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சாமி, ஆனாலும் கொல்லையில் ஓலை கட்டினார்கள், மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தார்கள். அத்தைமுறைக்கு யாரும் இல்லை என்று லூர்து தானே அத்தையானாள். "நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு ஒங்க மொறையெல்லாம் தெரியாது, தப்பா ஊத்துனா தலை துவட்டி விட்ருங்க" என்றாள். விடிந்ததும் மரியசெல்வம் மஞ்சள் அரைத்துக் கொண்டு வந்தாள். கம்பெனியின் நலன் அதிகாரி ஹில்டா மேடமும் வந்தாள். இப்படி விசேஷம் என்றால் கம்பெனி சார்பில் ஓர் எவர்சில்வர் குடம் கொடுப்பது அவள் வேலை.

மனைப்பலகையில் சுடரை உட்கார வைத்தார்கள். குனிந்த தலையில் முதல் செம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்ததும் லூர்து குலவையை எடுத்தாள்.

உங்களில் பலருக்கும் தெரியும், தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது குலவை அறக்கூடாது. ஒருத்திக்கு மூச்சு முடிந்தால் அடுத்தவள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரமசக்தியின் ஊரில் அதை அவ்வளவு கெட்டியாகப் பார்ப்பார்கள். தண்ணீர் பாதியில் குலவை அறுந்தால் பெண்ணின் வாழ்க்கையில் ஏதோ பாதியில் நிற்கும் என்று ஒரு பயம். ஆனால் அந்தக் கொல்லையில் நின்றவர்களில் பாதிப்பேருக்குக் குலவை வராது. மீதிப்பேருக்குச் சுவரிலிருக்கும் மாமியா காதில் விழுமே என்ற கூச்சம். லூர்து ஒருத்திதான் இழுத்துக்கொண்டிருந்தாள். லூர்துவுக்கோ குளிர்கூடத்து இருமல். மூன்றாவது செம்பு சாயும்போது இருமல் வந்து அவள் தொண்டையை அடைத்தது.

குலவை அறுந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த நொடி, கொல்லை முழுக்க ஒரு குலவை எழுந்தது. கூர்மையாக, நீளமாக, ஒரு நடுக்கம் இல்லாமல். அது எங்கிருந்து வருகிறது என்று எல்லோரையும் போலப் பிரமசக்தியும்தான் தேடினாள். தன் நாக்கு ஆடுவது அதற்கப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. தண்ணீர் இன்னும் மீதி இருந்தது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் வாயை மூடினாள்.

சுவரின் வெள்ளைப் பெட்டியை நிமிர்ந்து பார்க்கவும் யாருக்கும் தைரியமில்லை.

லூர்துதான் முதலில் பேசினாள், பெட்டிக்குக் கேட்கட்டும் என்று உரக்க. "பாத்தியளா? இருமுனாலும் என் கொலவ நிக்காதுட்டி! எங்காத்தா பெத்த தொண்டை!"

அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் சிரித்தார்கள். மரியசெல்வத்துக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் அவள் பிரமசக்தியின் வாயைப் பார்த்திருந்தாள். பக்கத்தில் வந்து, மஞ்சள் கையைத் தோழியின் தொண்டைக்குழியில் ஒரு தடவை வைத்து எடுத்தாள். மனையில் இருந்த சுடரோ காதுக்குள் போன தண்ணீரை உதறியபடி, "யத்தே, குளிருது!" என்று லூர்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குலவை விட்டது யார், எத்தனை பேர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

ஹில்டா மேடம் குடத்தைக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

மத்தியானம் அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

பிரமசக்தி போய் நின்றபோது ஹில்டா எழுந்து அறைக்கதவைச் சாத்தினாள். சுவர்ப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிக் கீழே விட்டாள்.

"உட்காருங்க. இது இப்போ கேக்காது."

அவள் உட்காரவில்லை.

"குடியிருப்புல பதிவாகாத குரல் ஒண்ணுன்னு எனக்கு வந்திருக்கு. இங்கே குடியிருக்கிறவங்க குரலெல்லாம் எங்ககிட்ட இருக்கு, லூர்து குரலும் இருக்கு, இது அது இல்லை. அதோட, நான் எதிர்லதானே நின்னேன்? உங்க வாயைப் பார்த்தேன். பழைய வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். பஸ் படியில நிக்கிறது நீங்கதான்."

பிரமசக்தி தரையைப் பார்த்தாள். வேலை போயிற்று. குடியிருப்பு போயிற்று. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு என்று கம்பெனி நடத்துகிற பள்ளிக்கூடமும் போயிற்று. மீதி இருப்பது உப்பளத்தில் தலைச்சுமைதான். அதுவும் வருஷத்தில் பாதி நாள். சுடரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று மனம் அதற்குள் ஊர் ஊராக அலைய ஆரம்பித்துவிட்டது.

சாப்பிடாத சோற்றுப் பொட்டலம் மேசையில் பிரித்தபடி இருந்தது.

"நீங்க எதுக்குப் பயந்து வாயை மூடினீங்களோ, அது இப்போ இல்லைம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"பட்டியலைச் சொல்றேன். நாலஞ்சு வருஷமாவே இல்லை. வச்சிருந்தவன் நொடிச்சுப் போனான். திரும்ப எடுத்து நடத்த எந்த முதலாளிக்கும் மனசு வரலை. ஏன் வரணும்? ஜனங்க தானே அடங்கிட்டாங்க. வாசல்ல அந்த மிஷின் பேரைக் கேக்குது, ஊரைக் கேக்குது. சொன்னதை யாரும் எந்தப் பட்டியலோடயும் ஒத்துப் பாக்கிறதில்லை. நீங்க நாளைக்கே எந்த வாசல்ல போய்ப் பேசினாலும் திறந்திருக்கும். முந்தாநாள் போயிருந்தாலும் திறந்திருக்கும்."

'ஏன் சொல்லவில்லை?' பிரமசக்தியின் கை தானாகக் கேட்டது. கைப்பேச்சு தெரியாதவளுக்கும் அந்தக் கேள்வி புரிந்துவிட்டது.

"யார் சொல்லுவா? செத்துப்போச்சுன்னு சொன்னா, முன்னே உயிரோட இருந்ததுன்னு ஒத்துக்கணுமே. கட்சிக்காரங்களுக்கும் இது வசதி. 'உன் பேரை எடுத்துட்டோம்'னு அனுப்பி வைக்கிறாங்க, வாசல் திறக்குது, அவன் ஆயுசுக்கும் விசுவாசமா இருக்கான். எடுக்கிறதுக்கு அங்கே என்ன இருக்கு? எனக்கே போன வருஷம்தான் தெரிஞ்சது. தெரிஞ்சும் உங்க யார்கிட்டயும் சொல்லலை. அந்தத் தப்பையும் சேர்த்துக்கோங்க."

வெளியே லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது. ஹில்டா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆனா ஒண்ணு. நீங்க வாய் பேசாதவங்கன்னு சொல்லிச் சேர்ந்தீங்க. அது பொய். இப்போ நான் அதை எழுதினா, மோசடின்னுதான் எழுதணும். வேலை போகும், வீடு போகும். 'இவளை எடுக்காதீங்க'ன்னு எல்லாக் கம்பெனிக்கும் நாங்களே சொல்லணும். இந்தத் தடவை ஒளிவு மறைவு இல்லாம, கையெழுத்துப் போட்டு. புரியுதா? இத்தனை நாள் இல்லாத பட்டியலுக்குப் பயந்தீங்க. பயந்து செஞ்சதுக்காக இனிமேதான் நிஜப் பட்டியல்ல வருவீங்க."

பிரமசக்திக்குச் சிரிப்பு வந்தது. பழகிய பழக்கத்தில் அது சத்தமில்லாமல் வந்து போயிற்று.

"எழுத எனக்கு விருப்பமில்லை. விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி குலவை போட்டா, ஊருக்குத் திரும்பிட்டான்னு முடிச்சிடறேன். சரின்னு நீங்க இந்தக் கைரேகைக் கண்ணாடியில பெருவிரலை வச்சாப் போதும். எப்பவும்போல உங்க மேசையில போய் நில்லுங்க. ஆனா இனிமே வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை வந்தாலும் அது என்கிட்ட வரும். ரெண்டாவது தடவையும் சொந்தக்காரின்னு சொல்ல என்னால ஆகாது." ஹில்டா அந்தச் சின்னக் கண்ணாடியை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. இங்கே யாருக்கும் கேக்காது."

பிரமசக்தி வாயைத் திறந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. காற்றுதான் வந்தது. ஏழு வருஷம் மறித்து மறித்து, இப்போது வழியை விட்டாலும் சொல் வரத் தயாராக இல்லை. குலவைக்கு வந்த தொண்டை பேச்சுக்கு வரவில்லை. கண்ணாடியில் விரலை வைக்காமல், 'நாளைக்கு' என்று கையைக் காட்டினாள்.

"காலையில வந்துடுங்க" என்றாள் ஹில்டா. திரும்பவும் கம்பியைச் சொருகினாள்.

வாசலுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவோடு தவசிமுத்து நின்றான். அவளைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தான்.

"யக்கா, நாளைக்குக் கூட்டம். தலைவருகிட்டச் சொல்லி வச்சிட்டேன். வருவியல்லா?"

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்த கதவின் முன்னால் அழுதவன், உள்ளே போகாமல் திரும்பி வந்து காலில் விழுந்தவன். உன் பேரை யாரும் எடுக்கவில்லைடா தம்பி, அங்கே பேரே இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போது தொண்டையில் ஏதோ இளகி மேலே வருவது போலவும் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இவனுக்குச் சொல்ல வேண்டியதுதான், நாளைக்குச் சொல்லலாம். முதல் வார்த்தையை இவனிடம் செலவழிக்க மனசு வரவில்லை.

அவனுக்கும் 'நாளைக்கு' என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். வழியெல்லாம் கோபப்பட்டுப் பார்த்தாள். எந்த வருஷம் வரை அவர்கள் தன் வாயை மூடினார்கள், எந்த வருஷத்திலிருந்து தானே மூடிக்கொண்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். மகள் முதல் வகுப்புக்குப் போன காலையில் பட்டியல் இருந்ததா? பிள்ளை அம்மை போட்டுக் கிடந்தபோது, "தண்ணி வேணுமா" என்று கேட்க முடியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்கு இருந்ததா? கோபம் கொஞ்ச தூரம் கூட வந்தது. பிறகு அதற்கும் கால் வலித்துப் பின்தங்கிவிட்டது. பால் கடையைத் தாண்டும்போது அசதி மட்டுமே மிச்சம்.

வீட்டில் சுடர் மூலையில் ஓலைத் தடுக்குக்கு உள்ளே உட்கார்ந்து, லூர்து கொடுத்த உளுந்தங்களியைத் தின்றுகொண்டிருந்தாள். புதுத் தாவணி, முகத்தில் மஞ்சள். தீட்டு என்று வாசலைத் தாண்டக்கூடாது. தட்டில் கண்ணாக இருந்தாள். தாய் வந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

பிரமசக்தி அடுப்படியில் நின்றாள். சுவரில் வெள்ளைப் பெட்டி இருந்தது. அது கேட்கும், ஹில்டாவிடம் போய்ச் சொல்லும், நாளைக் காலையில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வரும். எல்லாம் தெரிந்தது. செம்பில் தண்ணீர் எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அடி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"சுடரு..."

கரகரத்து, நடுவில் உடைந்து, ஏதோ வயசாளியின் குரல்போல வந்தது. பஸ் படியில் நின்ற குரல் அது இல்லை. அவளுக்கே அது யாருடையது என்று பிடிபடவில்லை.

சுடர் நிமிர்ந்தாள். தாயைப் பார்க்கவில்லை. அவள் பார்வை நேராகத் திறந்திருந்த வாசலுக்குப் போயிற்று. களி அப்பிய கையால் சைகை காட்டிக்கொண்டே வாயாலும் சொன்னாள்.

"யம்மா, வெளிய யாரோ என்னயக் கூப்புடுதாவ. யாருன்னு பாரு."

பிரமசக்தி வாசலுக்குப் போனாள். தெருவில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஓலைத் தடுக்கை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் பூசிய கன்னத்தைப் பிடித்து, தன் உதட்டைப் பார்க்கும்படி அந்த முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.